கண் கூசும் பாதுகாப்பு

பெண்கள் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் அடுத்த வரியில் விளக்கு வந்துவிடுகிறது. "அதான் லைட் போட்டாச்சே, இன்னும் என்ன?" என்கிறார்கள்.

நாங்களும் விளக்குத்தான் கேட்டோம். பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் தெரு வரைக்கும் பாதை இருட்டு என்று மனு கொடுத்தோம். நாற்சந்தியில் ஓர் உயர்கோபுர மின்விளக்கு வந்தது. திறப்பு விழா நடந்தது, சால்வை போர்த்தினார்கள், கல்வெட்டில் பெயர்களும் ஏறின. நாங்கள் நடக்கும் பாதை மட்டும் அப்படியே கிடக்கிறது.

சொல்லப்போனால் முன்னைவிட மோசம். அந்த வெள்ளை ஒளியில் பேருந்துக்குக் காத்திருந்துவிட்டுச் சந்துக்குள் திரும்பினால் கொஞ்ச நேரம் எதுவும் தெரிவதில்லை. கூசும் ஒளியில் கண்மணி சுருங்கிவிடுகிறது. கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில், சந்தில் நிற்பவனுக்கு நான் தெளிவாகத் தெரிகிறேன். அவன் எனக்குத் தெரிவதில்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

எத்தனை வாட் என்று பெருமை பேசுகிறார்கள். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். தரையில் விழும் ஒளியை லக்ஸில்தான் அளக்க வேண்டும். சாலை விளக்குகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1944, மிக முக்கியமான சாலைகளுக்குச் சராசரி 30 லக்ஸ் கேட்கிறது. வண்டிகள் குறைவாகப் போகும் சிறு தெருக்களுக்கு 4 லக்ஸ். முழு நிலா தரும் ஒளி 1 லக்ஸைக்கூட எட்டுவதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், 4 லக்ஸ் அற்பமில்லை. ஆனால் அது தெரு முழுக்க ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்க வேண்டும். ஓரிடத்தில் வெள்ளமும் பத்தடி தள்ளி வறட்சியுமாக இருந்தால், சராசரிக் கணக்கு காகிதத்தில் மட்டும் சரியாக வரும்.

அந்தத் தரநிலையும் சாலைகளை வண்டிகளின் ஓட்டத்தை வைத்துத்தான் பிரிக்கிறது. நடப்பவளின் தேவை வேறு. எதிரே வருகிறவரின் முகம் நாலு எட்டுக்கு முன்பே அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்கு உயரம் குறைந்த, நெருக்கமாக நட்ட, ஒளி கீழ்நோக்கி விழும்படி மூடி போட்ட விளக்குகள் போதும். அவற்றுக்குத் திறப்பு விழா நடத்த முடியாது என்பதுதான் சிக்கல்.

விளக்கு மட்டும் இருந்தாலும் போதாது. பார்க்கும் கண்கள் இல்லாத தெருவில் விளக்கால் பயனில்லை என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே எழுதிவிட்டார். எங்கள் சந்து முனையில் பூக்கட்டும் அக்கா இருந்தவரை பயமின்றி நடந்தோம். ஆக்கிரமிப்பு என்று அவரை அகற்றிவிட்டு, அந்த இடத்தில்தான் கோபுரத்தை நட்டார்கள்.

பெண்கள் விடுதிகளைப் பாருங்கள். வாசலில் பகலைப் போல் ஃபோகஸ் லைட் எரிகிறது. கதவு பொழுதோடு பூட்டப்படுகிறது. அந்த வெளிச்சம் நாங்கள் நடக்க அல்ல, நாங்கள் எப்போது வந்தோம் என்று கணக்கெடுக்க. கண்காணிக்கும் வெளிச்சத்துக்கு நாங்கள் நன்றி சொல்ல மாட்டோம்.

இனி மனுவில் "விளக்கு வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை லக்ஸ் என்று எழுதுங்கள். பொறியாளரை இரவு ஒன்பது மணிக்கு வரச் சொல்லுங்கள். லக்ஸ் மீட்டரோடு, உங்களோடு, அவர் அந்தப் பாதையை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.