ஒரிஜினல் என்றால் என்ன?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

வரலாறு படிக்கும் மாணவனுக்குக் கார் பட்டறையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். என் தாய்மாமன் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவன் நான். இக்கட்டுரையும் அந்தத் தூசியில் பிறந்ததுதான்.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று, 1968இல் பதிவானது, ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. மாமா அதை வாங்கி, பழைய கடைகளில் கம்பெனி முத்திரையோடு தங்கிப்போன உதிரிபாகங்களைத் தேடிப் பொருத்தி, அடித்தகடும் ஒரு கதவும் மாற்றி, ஓராண்டில் ஓடவைத்தார். வெளியூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில், "ஒரிஜினல்தானே?" என்று கேட்டார். "எல்லாம் ஒரிஜினல் பார்ட்ஸ்தான் சார்" என்றார் மாமா. முன்பணமும் வந்தது. நேரில் வந்தவர் தகட்டைத் தட்டிப் பார்த்து, ஏமாற்றுவேலை என்று சொல்லி, முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாமா அன்றிரவு சாப்பிடவில்லை.

யார் பொய் சொன்னார்கள்? எவரும் இல்லை என்பேன். உதிரிபாகக் கடையில் 'ஒரிஜினல்' என்பது 'டூப்ளிகேட்'டுக்கு எதிர்ச்சொல். நேற்று வாங்கிய பாகமும் ஒரிஜினலாக இருக்கலாம். பழைய கார் சேர்ப்பவர்களுக்கோ, தொழிற்சாலையிலிருந்து அந்தக் காரோடு வந்தது மட்டுமே ஒரிஜினல். ஒரே சொல், இரண்டு சந்தை!

'நம்பர் மேட்சிங்' என்பதும் இப்படித்தான். எஞ்சினை மாற்றினால் புதிய எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்கிறோம். புத்தகமும் எஞ்சினும் ஒத்துப்போகும். ஆனால் அது காரோடு பிறந்த எஞ்சின் அன்று. 'விண்டேஜ்' இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தில் அது 1919 முதல் 1930 வரையிலான கார்களைக் குறிக்கும். நம் நாட்டில் 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதியோ, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்ததை விண்டேஜ் என்கிறது; அதுவும் மூல வடிவம் மாறாமல், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாததாக இருக்க வேண்டுமாம். மாமாவின் ஹெரால்டு அங்கே விண்டேஜ் இல்லை. இங்கே ஆகுமா என்பது அந்த அடித்தகட்டை அதிகாரி எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது.

இச்சிக்கல் இலண்டன் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி காருக்கு 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். 1932இல் அதற்கு 8 லிட்டர் எஞ்சின் பூட்டினார்கள். அவ்வாண்டே புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ விபத்தில் மாண்டார். பின்னர் மீண்டும் அதைக் கட்டினார்கள். 1990இல் ஒரு கோடி பவுனுக்கு விலை பேசி முடித்த நிறுவனம், இது அந்தக் காரே இல்லை என்று மறுத்தது. நீதிபதி ஆட்டன், 1930ஆம் ஆண்டின் காரிலிருந்து மிகச் சில உறுப்புகளே மிஞ்சியிருக்கின்றன என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும் இது 'ஒரிஜினல்' அன்று, ஆனால் மெய்யான ஓல்டு நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். படிப்படியாக மாறியதே தவிர, அந்தக் கார் ஒருநாளும் இல்லாமற் போகவில்லை என்பதே அவர் கண்ட நியாயம்.

ஏடு பெயர்த்தெழுதிய மரபில் வந்த நமக்கு இது புதிதன்று. ஓலை செல்லரிக்கும், புதிய ஓலையில் படியெடுப்பார்கள், நூல் வாழும். ஆனால் காருக்கு அதன் தகடே சாசனம் அல்லவா? அதனால் பெயர் தொடரலாம், மாற்றியதை மறைக்கக்கூடாது என்பது என் கட்சி. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2013இல் உறுதிசெய்த டுரின் சாசனமும், புதிதாகச் சேர்த்த உறுப்புகளுக்கு அழியாத அடையாளம் இடச் சொல்கிறது. பாதுகாத்தல், பேணுதல், மீட்டமைத்தல், பழுதுபார்த்தல் ஆகியவற்றை அது தனித்தனியாகப் பிரித்தும் காட்டுகிறது.

நாமோ எல்லாவற்றையும் 'புதுப்பித்தல்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். நூலகப் புத்தகத்தையும் புதுப்பிக்கிறோம், உரிமத்தையும் புதுப்பிக்கிறோம், கோயில் தூணில் கல்வெட்டின் மேல் வண்ணம் பூசிவிட்டு அதையும் புதுப்பித்தோம் என்கிறோம். துருவை நிறுத்தி உள்ளதை உள்ளபடி வைத்தால் 'பேணியது'. ஓடாததை ஓடவைத்தால் 'செப்பனிட்டது'. பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தால் 'மீட்டமைத்தது'. முழுக்கப் புதிதாகச் செய்து பழைய பெயர் சூட்டினால் 'படி'. இவற்றை வேறுபடுத்திச் சொல்ல நமக்குச் சொல் இல்லாமல் இல்லை. தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் இவற்றைவிட நல்ல சொற்கள் தந்தால் பட்டறைச் சுவரிலேயே எழுதி வைப்பேன்.

இப்போது மாமா நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறார். எந்தப் பாகம் காரோடு வந்தது, எது கடையில் வாங்கியது, எது நம் பட்டறையில் அடித்த தகடு என்று நான்தான் எழுதுகிறேன். கழற்றிய பழைய கதவையும் எடைக்குப் போடவில்லை. எண் எழுதிச் சுவரோரம் சாய்த்திருக்கிறோம். ஹெரால்டு இன்னும் விற்கவில்லை.