ஃபெர்கி வந்தார், ஹிப்ஹாப் செத்ததா?

"பிளாக் ஐட் பீஸா? முதல் ரெண்டு ஆல்பத்தோட அவங்க கதை முடிஞ்சுது சார். ஃபெர்கி வந்தாங்க, ஹிப்ஹாப் செத்துச்சு."

ரொம்ப வருஷமாக இந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடுதி அறையில் கேட்டிருக்கிறேன், கேசட் கடையில் கேட்டிருக்கிறேன். அண்மையில் ஓர் இசை ரசனைக் கூட்டத்தில், மைக் பிடித்து, திரையில் படம் போட்டு, ஒருவர் இதையே சித்தாந்தமாக விளக்கக் கேட்டேன். அரங்கில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அந்த முதல் இரண்டு ஆல்பங்களை முழுசாகக் கேட்டவர்கள் கை தூக்குங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. விருந்தாளியாகப் போன இடம் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அவர் சொன்ன கதை இதுதான். லாஸ் ஏஞ்சலஸில் வில்.ஐ.ஆம், ஆப்பிள்.டி.ஆப், டபூ என்று மூன்று பையன்கள். 1998-இல் 'பிஹைண்ட் த ஃப்ரண்ட்', 2000-இல் 'பிரிட்ஜிங் த கேப்'. ஜாஸ் வாடை, நேரடி வாத்தியங்கள், சமூக அக்கறை, அதாவது சொக்கத்தங்கம். பிறகு ஃபெர்கி என்ற பாப் பாடகி உள்ளே வந்தார். 2003-இல் 'எலிஃபங்க்' வெளியானது. பணம் கொட்டியது, ஆன்மா போனது. 2009-இல் டிஸ்கோ கிளப்பில் போய் விழுந்தார்கள். சுபம்.

முதலில் அந்தச் சொக்கத்தங்கத்தை உரசிப் பார்ப்போம்.

முதல் ஆல்பத்தின் பெயர் பெற்ற பாட்டு 'ஜாயின்ட்ஸ் அண்ட் ஜாம்'. பழைய ரசிகர்கள் கையில் அடித்துச் சத்தியம் செய்யும் பாட்டு. அதில் உள்ளே புகுந்திருப்பது, பீ ஜீஸ் குழுவின் பேரி கிப் 'கிரீஸ்' திரைப்படத்துக்காக எழுதிய பாட்டின் மெட்டு. 1978-இல் அமெரிக்காவையே ஆட்டிப்படைத்த சினிமாப் பாட்டு அது. பாப் வாடையே படாத புனிதம் என்று எதைச் சொல்கிறார்களோ, அதன் அடித்தளத்திலேயே பாப் உட்கார்ந்திருக்கிறது. பெண் குரலாவது புதிதா? ஃபெர்கிக்கு முன்பே கிம் ஹில் அந்தக் குழுவோடு பாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆல்பத்தில் மேசி கிரே வந்து பாடினார். அப்போதெல்லாம் ஹிப்ஹாப் நன்றாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது போலும்.

இன்னும் பின்னால் போனால் விஷயம் இன்னும் சுவையாக இருக்கும். 1992-இல், 'அட்பான் கிளான்' என்ற பெயரில், வில்.ஐ.ஆமும் ஆப்பிள்.டி.ஆப்பும் முதலில் ஒப்பந்தம் போட்டது ஈஸி-ஈயின் ரூத்லெஸ் ரெக்கார்ட்ஸில். துப்பாக்கியும் தெருச்சண்டையுமாகப் பாடிய என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஈஸி-ஈ. அவருடைய கம்பெனியில், தொளதொள சட்டை போட்டுக்கொண்டு தலைகீழாகச் சுழன்று ஆடும் சாதுவான பிள்ளைகள். அவர்கள் பதிவு செய்த ஆல்பம் வெளிவரவே இல்லை. 1995-இல் ஈஸி-ஈ இறந்ததும் அந்தக் கதவும் சாத்தப்பட்டது. அன்றைய கணக்குப்படி பார்த்தால் இவர்கள் ஹிப்ஹாப்புக்கே லாயக்கில்லாதவர்கள். இன்று அவர்களையே தூய்மையின் அளவுகோலாக நிறுத்துகிறார்கள்.

அடுத்தது ஃபெர்கி. வீட்டுக்கு மருமகள் வந்த நேரம் சரியில்லை என்று பேசுகிற குரல்தான் இது, வேறொன்றும் இல்லை. மகன் எடுத்த முடிவுக்கெல்லாம் மருமகள் மேல் பழி. இந்தக் குழுவின் ஒலியைத் தீர்மானித்த ஆள் முதல் ஆல்பத்திலிருந்தே வில்.ஐ.ஆம். இவர்களை ஊர் உலகத்துக்குக் காட்டிக்கொடுத்த 'வேர் இஸ் த லவ்?' பாட்டு 2001 செப்டம்பர் 11-க்குப் பிந்தைய பயத்திலும் துக்கத்திலும் கருக்கொண்டது. அதன் பல்லவியைப் பாடியவர் ஜஸ்டின் டிம்பர்லேக். 'எலிஃபங்க்' ஆல்பத்துக்கான வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோதுதான் ஃபெர்கி உள்ளே வருகிறார். பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்று, 2003-இல் அங்கே மிக அதிகம் விற்ற சிங்கிள் இந்தப் பாட்டே. ஆக, "விலைபோன" பாட்டு எது என்று தேடினால் அதன் பல்லவியை முன்னின்று பாடியவர் ஃபெர்கி இல்லை. ஒருவேளை வாசலில் நின்றுகொண்டே ஹிப்ஹாப்பைக் கொன்றிருப்பார்.

கிம் ஹில் ஏன் விலகினார் என்பதையும் அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. தன்னைக் கவர்ச்சிப் பொருளாகக் காட்டச் சொன்ன நெருக்கடி பிடிக்காமல் போனதாக அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். அந்த நெருக்கடி ஃபெர்கி காலடி எடுத்து வைப்பதற்கு முந்தையது.

'மை ஹம்ப்ஸ்' பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

பணத்துக்காக மாறினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு வரி போதும்: கச்சேரி செய்கிறவர் சன்மானம் வாங்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் தங்கள் மாதச் சம்பளத்தை என்ன செய்கிறார்களோ தெரியவில்லை.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். "எலிஃபங்கில் ஹிப்ஹாப் தொலைந்தது" என்கிறார்களே, அந்த ஆல்பத்தை இவர்கள் கேட்டார்களா? 'தி எலிஃபங்க் தீம்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. வானொலிக்காரர்கள் போடாத பாட்டு. அதில் வெட்டி ஒட்டியிருப்பது நம் இளையராஜாவை. 1985-இல் வந்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தின் 'உனக்கும் எனக்கும்' பாட்டு. ரஜினியின் நூறாவது படம், எஸ்.பி. முத்துராமன் இயக்கியது, மந்திராலய மகானின் கதை. தியேட்டரில் கற்பூரம் காட்டிப் பார்க்க வேண்டிய பக்திப் படத்துக்குள் ராஜா வைத்த தாளக்கட்டு, பதினெட்டு வருடம் கழித்து லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவில் போய் இறங்கியிருக்கிறது. ராஜா அந்த எண்பதுகளில் அமெரிக்க ஃபங்க், டிஸ்கோ தாளங்களை இழுத்து வந்து கோடம்பாக்கத்தில் தவிலோடும் தபேலாவோடும் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து வந்த சரக்கு இங்கே மெருகேறி அங்கேயே திரும்பிப் போயிருக்கிறது. அதைப் பழைய பாட்டிலிருந்து தோண்டி எடுத்து, அறுத்து, சுழல விட்டுப் புதுத் தாளமாக்குவதற்குப் பெயர்தான் ஹிப்ஹாப். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு, ராஜாவின் தாளம் ஓடுகிற ஆல்பத்தைக் காட்டி, "இதில்தான் அசல் தன்மை செத்தது" என்று ஒருவர் மைக்கில் சொல்கிறார், நாமும் தலையாட்டுகிறோம்.

அடுத்த ஆல்பம் 2005-இன் 'மங்கி பிசினஸ்'. அதில் 'டோன்ட் ஃபங்க் வித் மை ஹார்ட்'. அந்தப் பாட்டின் முதுகெலும்பு கல்யாண்ஜி-ஆனந்த்ஜி: 1972-இன் 'அப்ராத்' படத்திலிருந்து ஒரு துண்டு, 1978-இன் 'டான்' படத்தில் ஹெலன் ஆட, ஆஷா போஸ்லே பாடிய 'யே மேரா தில்' பாட்டிலிருந்து இன்னொரு துண்டு. பம்பாய் சினிமாவின் கேபரே இசையைத் தூசி தட்டி எடுத்து ராப் பாட்டாக்கியிருக்கிறார்கள். அதற்கு 2006-இல் கிராமி கிடைத்தது, அதுவும் ராப் பிரிவில். முந்தைய வருடம் 'லெட்ஸ் கெட் இட் ஸ்டார்ட்டட்' பாட்டுக்கும் அதே ராப் பிரிவில்தான் கிராமி. கிராமிக்காரர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் உங்கள் அபிமானக் குழுக்களுக்கு அவர்கள் விருது கொடுக்கிறபோதும் இதையே கேளுங்கள்.

இப்போது டிஸ்கோ கிளப் விவகாரம். 2009-இன் 'தி இ.என்.டி.' ஆல்பத்தைத்தான் பழைய ரசிகர்கள் கருமாதிப் பத்திரிகையாகப் படிக்கிறார்கள். சிட்னியில் சினிமா வேலையாகப் போன வில்.ஐ.ஆம் அங்கே கிளப்புகளில் கேட்ட மின்னணு இசையில் மயங்கித் திரும்பினார். 'பூம் பூம் பவ்' வந்தது. பிரெஞ்சு டி.ஜே. டேவிட் கெட்டாவோடு 'ஐ காட்டா ஃபீலிங்' வந்தது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, தொடர்ந்து 26 வாரம், பில்போர்டு பட்டியலின் உச்சியில். "மெஷின் சத்தம், இதுவா ஹிப்ஹாப்?" என்று கூட்டத்துப் பேச்சாளர் கையை விரித்தார்.

மெஷின் சத்தம்தான் ஐயா, ஹிப்ஹாப். 1982-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸிலிருந்து ஆஃப்ரிகா பம்பாட்டா 'பிளானட் ராக்' என்றொரு பாட்டு போட்டார். ஹிப்ஹாப் வரலாறு எழுதும் எவரும் தாண்டிப் போக முடியாத பாட்டு. அதில் ஓடுகிற மெட்டு யாருடையது? கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் குழுவுடையது. டஸ்ஸல்டார்ஃப் நகரத்தில், இஸ்திரி போட்ட சட்டையும் டையுமாக, ரோபோ மாதிரி அசையாமல் நின்று சின்தசைசர் வாசித்த வெள்ளைக்காரர்கள். அவர்களுடைய 1977-ஆம் வருட 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' பாட்டின் மெட்டைக் கருவியில் திரும்ப வாசித்து, கீழே ரோலண்ட் 808 தாளப் பெட்டியை ஓட விட்டார்கள். பிராங்க்ஸ் பையன்கள் அதற்குத்தான் அட்டைப் பெட்டியைத் தரையில் விரித்து முதுகில் சுழன்றார்கள். ஐரோப்பிய மின்னணு இசையைக் கறுப்பின இளைஞர்கள் எடுத்து ஆடியதுதான் ஹிப்ஹாப்பின் பால பாடம் என்றால், 27 வருடம் கழித்து அதையே செய்தவர்கள் எப்படித் துரோகி ஆவார்கள்? 1982-இல் ஜெர்மன்காரரை எடுத்தால் புரட்சி, 2009-இல் பிரெஞ்சுக்காரரை அழைத்தால் சோரம். இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வில்லும் ஆப்பிளும் பள்ளிக்கூட நாளிலேயே நண்பர்கள். ராப் குழு ஆவதற்கு முன் 'டிரைபல் நேஷன்' என்ற நடனக் கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். டபூவும் ஆட்டக்காரர்தான். தரையில் ஆட ஆரம்பித்து, ஆட வைக்கப் பாட்டு போட்டு, கடைசியில் உலகத்தையே கல்யாண வீட்டில் ஆட வைத்தவர்களைப் பார்த்து, "நீங்கள் பாதை மாறிவிட்டீர்கள்" என்கிறார்கள். பாதை என்று இவர்கள் நினைத்தது அந்த இரண்டு ஆல்பங்களின் ஜாஸ் பியானோவை மட்டும்தான்.

ஆன்மா போனது என்கிறவர்களுக்கு ஆப்பிள்.டி.ஆப் யார் என்றாவது தெரியுமா? பிலிப்பைன்ஸின் ஏஞ்சலஸ் சிட்டியில், அமெரிக்க விமானப்படைத் தளத்தை ஒட்டிப் பிறந்தவர். தாய் பிலிப்பைன்ஸ்காரி, தந்தை கறுப்பின அமெரிக்கப் படைவீரர். 14 வயதில் தத்துப்பிள்ளையாக லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். 'எலிஃபங்க்' ஆல்பத்தில் 'தி ஆப்பிள் சாங்' அவருடைய சொந்தக் கதை, அதன் பல்லவி தகலாக் மொழியில் இருக்கிறது. 'அசின்' என்ற பிலிப்பைன்ஸ் நாட்டார் இசைக் குழுவின் பழைய பாட்டிலிருந்து எடுத்தது. 'மங்கி பிசினஸ்' ஆல்பத்தில் 'பெபோட்' முழுக்க முழுக்கத் தகலாக். அதன் காணொளி ஒன்று, 1930-களில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் ஊரில் பிலிப்பைன்ஸ் கூலித் தொழிலாளிகள் கூடிய குட்டி மணிலாத் தெருவைத் திரும்பக் கட்டிக் காட்டுகிறது. பகலெல்லாம் வயலில் வேலை, இரவில் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு நடன மண்டபம். வியாபாரத்துக்காக மட்டுமே போட்ட ஆல்பத்தில், அமெரிக்காவில் பெரும்பான்மைக்குப் புரியாத மொழியில் ஒரு பாட்டை எந்த வியாபாரி வைப்பான்? ஆன்மா இல்லாத ஆல்பங்கள் என்று இவற்றையா சொல்கிறீர்கள்? தூய்மையான முதல் இரண்டு ஆல்பங்களில் இப்படியொரு பாட்டு உண்டா? தேடி எடுத்து வாருங்கள், பேசுவோம்.

பாணி மாறியதும் பழைய ரசிகர்கள் ஒப்பாரி வைப்பது இந்தக் குழுவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பீஸ்டி பாய்ஸ் 1989-இல் 'பால்ஸ் பூட்டிக்' போட்டபோது, 1986-இன் கும்மாளத்தைத் தேடி வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அது படுத்தது. இன்று அதைக் காவியம் என்று எழுதாத விமர்சகர் இல்லை. டி லா சோல் 1991-இல் தங்கள் இரண்டாவது ஆல்பத்துக்கு, தாங்களே செத்துவிட்டதாகப் பெயர் வைத்து, அட்டையில் பூந்தொட்டியை உடைத்துப் போட்டார்கள். ரசிகர்கள் கொல்லும் வரை காத்திருக்கவில்லை. புத்திசாலிகள்.

கடைசியாக, அந்தக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்காத 2018. அந்த வருடம் ஃபெர்கி இல்லாமல், பழைய மூவர் மட்டும் சேர்ந்து 'மாஸ்டர்ஸ் ஆஃப் த சன்' ஆல்பம் போட்டார்கள். ஜாஸ் வாடை திரும்ப வந்தது. நாஸ் வந்தார், ஸ்லிக் ரிக் வந்தார், டி லா சோலின் பாஸ்ட்நூஸ் வந்தார், மறைந்த ஃபைஃப் டாக்கின் குரல்கூட வந்தது. பழைய ரசிகர் கேட்டதெல்லாம் இலை போட்டுப் பரிமாறப்பட்டது. பதினைந்து வருடம் பசியென்று புலம்பியவர்கள் எங்கே? பந்தியில் ஆளில்லை. பெரிய வெற்றி என்று சொல்ல அதில் ஒரு பாட்டுகூட இல்லை. 2019-இல் அவர்கள் கொலம்பியாவின் ஜே பால்வினோடு 'ரிட்மோ' என்ற ஸ்பானிய ஆட்டப் பாட்டைப் போட்டார்கள். அது உலகமெங்கும் ஓடியது. மாற்றம் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மாற்றத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் யார் என்பதைப் பேச்சாளர் அடுத்த கூட்டத்தில் விளக்கினால் நன்றாக இருக்கும்.

இதற்குள் புதிதாக ஒரு கட்சி கிளம்பிவிட்டது. "ஃபெர்கி போனதோட அவங்க கதை முடிஞ்சுது, இப்ப இருக்கிறது பிளாக் ஐட் பீஸே இல்ல" என்று இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களிடமும் மைக் போகும்.