அவளைக் கேட்டீர்களா?

சகோதரிகளே, இந்தத் தடவை கைமருந்துக் குறிப்பு இல்லை. வீட்டில் ஒருத்திக்கு மனசு சரியில்லாமல் போனால் மற்றவர்கள் செய்யும் ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். செய்தவள் நானேதான்.

என் நாத்தனாருக்குத் தூக்கம் கெட்டு, யாரோ தன்னைத் திட்டுகிற மாதிரி காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தாயத்து, விபூதி எல்லாம் ஆன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மாத்திரை கொடுத்தார், குணம் தெரியவில்லை. திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் போய், பஸ் மாறிப் போகிற அலுப்பு வேறு. நாலாவது தடவை போனபோது, மனநல வெளிநோயாளர் பிரிவிலிருந்த சமூகப் பணியாளர் எங்களை உட்கார வைத்தார். என் மகள் வயசுதான் இருக்கும்.

“அக்கா, உங்களுக்கு முதல்ல எது சரியாகணும்?” என்று நாத்தனாரைக் கேட்டார்.

“மாத்திரையை ஒழுங்கா முழுங்கினாப் போதும்மா” என்று நான் முந்திக்கொண்டேன்.

“அவங்க சொல்லட்டும்மா” என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சுருக்கென்றது.

நாத்தனார் தரையையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்: “மதினி என்னைய அடுப்பங்கரைக்குள்ள விடமாட்டேங்காவ. காலை மாத்திரை போட்டா பகல் பூரா கிறுகிறுன்னு வருது. துப்பிருதேன்.”

தீயை வைத்து ஏதாவது செய்துகொள்வாளோ என்று பயந்து அவளைத் தடுத்தது வாஸ்தவம்தான். துப்புகிறாள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது!

அந்தப் பெண் டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார். (நாமாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது.) பிறகு மூன்று பேருமாக ஒரு தாளில் எழுதினோம். தினம் ஒரு வேளை அடுப்படியில் அவள் வேலை செய்வாள், நான் பக்கத்தில் இருப்பேன். தூங்கிய நேரத்தை அவளே குறித்து வைப்பாள். “ரெண்டு ராத்திரி சேர்ந்தாப்ல தூங்கலைன்னா மதினிகிட்ட சொல்லிருதேன்” என்று அவளே சொன்னாள். அப்படியானால் தேதிக்குக் காத்திராமல் வந்துவிட வேண்டும். கையெழுத்தும் அவளே போட்டாள்.

2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். நினைவிருக்கிறதா? அங்கே கொண்டுபோய் விட்டவர்களும் நம்மைப் போன்ற குடும்பத்தார்தானே. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அவர்களே முன்கூட்டி எழுதி வைக்கவும் அதில் இடமுண்டு. வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு மறுவாழ்வு தரும் வேலையைச் சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-லேயே ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மூலம் தொடங்கிவிட்டார். எங்கே போவது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் எந்நேரமும் பேசலாம். காசு கிடையாது.

நேற்றுச் சாயங்காலம் நாத்தனார் காபி போட்டாள். சர்க்கரை தூக்கல். அடுப்பை அணைத்தாளா என்று எட்டிப் பார்க்க எழுந்த நான், மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.