அடித்துத் திருத்தப்பட்ட ஒரு மன்றாட்டு

எங்கள் பங்கில் ஞாயிறு திருப்பலிக்கு வாரம் ஓர் அன்பியம் பொறுப்பு. முதல் வாசகம், இரண்டாம் வாசகம், காணிக்கைப் பவனி, விசுவாசிகளின் மன்றாட்டு எல்லாவற்றையும் அந்த வாரத்து அன்பியத்தார் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இளங்கலை இரண்டாம் ஆண்டில் இருந்தபோது எங்கள் காலனி அன்பியத்தின் முறை வந்தது. மன்றாட்டுகளை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். திருத்தந்தைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒன்று. ஐந்தாவதாக, நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நிற்கிற சுவர் விழ வேண்டும், அதை இடிக்கும் மனத்தை இந்தப் பங்கு மக்களுக்குத் தர வேண்டும் என்று எழுதினேன்.

சனிக்கிழமை மாலை தாளைக் கொடுத்தேன். ஞாயிறு காலை வாசிக்கப் போகும்போது திரும்பக் கைக்கு வந்தது. ஐந்தாவதன்மீது பென்சிலால் ஒரு கோடு. அதற்கு மேல் வேறு கையெழுத்தில், பங்கு மக்களின் ஒற்றுமைக்காக என்று ஒரு வரி. பங்குப்பேரவையில் பொறுப்பில் இருந்த ஒருவர் தோளைத் தட்டிச் சொன்னார்: "கோயில்ல செபம்தான் பண்ணணும் தம்பி, சண்டைய இழுக்கக் கூடாது." பத்தொன்பது வயது. திருத்தியதையே வாசித்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் புதைக்கப்படுகிறவர்களும் அந்தப் பக்கம் புதைக்கப்படுகிறவர்களும் ஒரே குரலில் பதில் சொன்னோம்.

விசுவாசிகளின் மன்றாட்டு பற்றித் தெரியாத தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் திருப்பலியில் ஏறக்குறைய எல்லாச் சொற்களும் அச்சடித்த புத்தகத்தில் இருப்பவை. குருவானவரே அதில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மக்கள் தங்கள் ஊர்க் கவலையைத் தங்கள் சொல்லில் வைப்பதற்கு இருக்கும் இடம் இந்த மன்றாட்டுதான். பல நூற்றாண்டுகள் வழக்கொழிந்து கிடந்ததை, 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஏடுதான் மீட்டுக் கொடுத்தது. அப்படித் திரும்பக் கிடைத்த இடத்தில்தான் அந்தப் பென்சில் கோடு விழுந்தது.

பங்கில் பணி செய்கிறவர்கள் என்றால் சாமியாரும் கன்னியரும் மட்டுமல்ல. மணி அடித்து, பீடத் துணி மடித்து, மெழுகுதிரி ஏற்றும் கோயில்பிள்ளை. கிளைக்கிராமத்தில் செபம் நடத்தும் உபதேசியார். பீடச் சிறுவர், வாசகர், பாடகர் குழு, மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, அன்பியப் பொறுப்பாளர்கள். இவர்களுக்கென்று திருச்சபை வளர்த்து வைத்திருக்கும் செப மரபு ஏராளம். காலை, நண்பகல், மாலை என மூவேளைச் செபம். துறவு மடங்களில் 150 திருப்பாடல்களையும் சுழற்சியாகச் சொல்ல, படிக்கத் தெரியாத மக்கள் அதற்கு ஈடாக 150 மங்கள வார்த்தைச் செபம் சொல்லி வளர்த்ததுதான் செபமாலை. தவக்காலத்தில் பதினான்கு நிலை சிலுவைப்பாதை. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனை. நாளை முடிக்கும் முன் என்ன செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் முறை அது.

இந்த மரபு முழுக்க ஓடும் சொல் தாழ்ச்சி. பணியாளன் தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், கடைசி இடத்தில் உட்கார வேண்டும், பாதம் கழுவ வேண்டும். ஊர்த் தெருவில் பிறந்த ஒருவருக்கு இது கடினமான, நல்ல பாடம். பிறந்த நாள் முதலே கடைசி இடத்தில் உட்கார வைக்கப்பட்டவருக்கு இதே பாடத்தை நடத்தினால் அது என்ன ஆகும்?

என் தாத்தா உபதேசியார். எங்கள் காலனி ஒரு கிளைக்கிராமம். தாய்க்கோயில் இரண்டு மைல் தள்ளி ஊருக்குள் இருக்கிறது. சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் தாத்தாதான் செபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பார், சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து நல்ல மரணச் செபம் சொல்வார். சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பெரிய வெள்ளிக்கு ஒப்பாரி ராகத்தில் அவர் வியாகுலப் பிரசங்கம் வாசித்தால் காலனியே அழும். அதே தாத்தா தாய்க்கோயில் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கு தூக்கிக்கொண்டு போவார். அந்தக் கோயிலின் வாசகப் பீடத்தில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. குரல் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் இறந்தபோது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் பங்கில் அப்போது இரண்டு தூம்பாக்கள் இருந்தன, ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. காலனித் தூம்பாவுக்கு ஒரு கால் ஆடும். நாற்பது வருடம் மற்றவர்களுக்கு அடக்கச் செபம் சொன்னவரை ஆடும் தூம்பாவில் தூக்கிக்கொண்டு, சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தோம். அடக்கத்தன்று மறையுரையில் தாத்தாவின் தாழ்ச்சியைப் புகழ்ந்தார்கள். புகழ்ச்சியில் பொய் எதுவும் இல்லை. அவர் உண்மையாகவே தாழ்ச்சியுள்ள மனிதர்தான். ஆனால் அவருக்கு வேறு எது அனுமதிக்கப்பட்டிருந்தது?

இதை ஒரு ஊரின் கோளாறு என்று ஒதுக்க முடியாது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி பிராமண சந்நியாசியின் கோலத்தில் வாழ்ந்தார். அவரைப் பின்பற்றிய குருக்கள் 'தாழ்ந்த' சாதியாரை வெளிப்படையாகச் சந்திக்க முடியாது என்றானது. அதனால் 1640 வாக்கில் பண்டாரசுவாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்களை உண்டாக்கினார்கள். துறவுக்கோலத்தையே சாதிக்கேற்ப இரண்டாகத் தைத்தார்கள். வடக்கன்குளத்தில் கோயிலையே இரண்டு கால்கள்போலக் கட்டினார்கள். சாதிக்கு ஒரு கால், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பீடம். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'டிரவுசர் கோயில்'. 1910 வாக்கில் உள்ளே இருந்த தடுப்பு இடிக்கப்பட்டபோது, தங்கள் உரிமை போய்விட்டது என்று ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள் உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். நூறாண்டு கழித்து, 2008 மார்ச்சில் எறையூர். தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்கள்மீது தாக்குதல், அதைத் தொடர்ந்து காவல்துறைத் துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. எனவே, இருக்கிறதா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது செபத்துக்குள் எப்படி நுழைந்து உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அன்பியத்தையே எடுத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்து வீட்டார் இருபது முப்பது குடும்பமாகக் கூடி விவிலியம் வாசித்துச் செபிப்பது. நல்ல ஏற்பாடு. ஆனால் நம் கிராமத்தில் பக்கத்து வீடு என்றால் பக்கத்துச் சாதியல்ல, அதே சாதி. தெருவாரியாகப் பிரித்தால் சாதிவாரியாகத்தான் பிரியும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதே இல்லை, வரைபடமே செய்துவிடும். அக்டோபர் மாதம் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும், செபமாலை சொல்வார்கள், சுண்டல் கொடுப்பார்கள். ஊர்த்தெரு மாதா ஊர்த்தெருவிலேயே முப்பத்தோரு நாளும் சுற்றுவார். எங்கள் மாதா எங்கள் காலனியில். என் ஆய்வுக்காக நான் போய் உட்கார்ந்த அன்பியக் கூட்டங்களில், ஒரு தெருவின் சுரூபம் சாலையைக் கடந்து மறு தெருவுக்குப் போனதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

சமாதான வாழ்த்து இன்னொன்று. உலகின் பல இடங்களில் திருப்பலியில் அந்த நேரத்தில் கைகுலுக்குகிறார்கள், தழுவிக்கொள்கிறார்கள். இங்கே கைகூப்புகிறோம். 1969இல் இந்திய ஆயர்கள் கேட்டு உரோமை ஒப்புக்கொண்ட பன்னிரண்டு வழிபாட்டுத் தகவமைப்புகளில் இதுவும் ஒன்று. இந்தியப் பண்பாடு என்றார்கள். ஆரத்தியும் அஞ்சலியும் யாருடைய பண்பாடு என்று அப்போது எத்தனை பேர் கேட்டார்கள்? தொடுவதே பிரச்சினையாக இருக்கும் நாட்டில், தொடாமல் சமாதானம் சொல்ல வழி கிடைத்தது. வணக்கம் சொல்வதை நான் குறை சொல்லவில்லை, நாமெல்லாம் சொல்வதுதான். ஆனால் வருடம் முழுவதும் பக்கத்தில் நிற்பவரின் விரல் நுனியைக்கூடத் தொடாமல் திருப்பலி முடிந்துவிட முடியும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

புனித வியாழனன்று தொட்டே ஆக வேண்டும். குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுவார். 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களையும் அதில் சேர்க்கச் சொன்னார். சில கோயில்களில் அதற்கே முணுமுணுப்பு எழுந்தது. அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது யார், எந்தத் தெருவில் இருந்து எத்தனை பேர் என்பதைக் கேட்டால் முணுமுணுப்பு இன்னும் கூடும்.

இங்கே தோழர்கள் சிலர் கேட்பது எனக்குக் கேட்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்தக் கோயிலில் என்ன வேலை? வெளியே வர வேண்டியதுதானே? அரசாங்கமும் 1950 ஆணையைக் காட்டி உங்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை, கோயிலும் சேர்க்கவில்லை. நியாயமான கேள்வி. வெளியேறுகிறவர்களை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன். ஆனால் தாத்தா வியாகுலப் பிரசங்கத்தில் அழவைத்தது வாடகைக்கு எடுத்த அழுகையல்ல. அந்தச் செபங்கள் எங்கள் தெருவில், எங்கள் கிழவிகளின் வாயில், எங்கள் சாவுகளில் ஊறியவை. மாதாவின் சுரூபத்தை ஊர்த்தெருவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வர எங்களுக்கு மனமில்லை.

அதுமட்டுமல்ல, எங்களுக்கு வேண்டியது அந்த மரபுக்குள்ளேயே கிடக்கிறது. மரியாயின் சேனையின் உறுப்பினர் ஒவ்வொருவரும் அன்றாடம் சொல்ல வேண்டிய செபத்தின் நடுவில் இருப்பது, லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்தில் வரும் மரியாவின் பாடல். குருக்களும் கன்னியரும் ஒவ்வொரு மாலையும் திருப்புகழ்மாலையில் அதையே சொல்கிறார்கள். அரியணையில் இருப்பவர்கள் இறக்கப்படுவதையும், தாழ்ந்து கிடப்பவர்கள் தூக்கி நிறுத்தப்படுவதையும், செல்வர்கள் வெறுங்கையோடு போவதையும் பாடுகிற ஏழைப் பெண்ணின் பாடல் அது. அதில் தாழ்ச்சி இருக்கிறது. யார் யாரைத் தாழ்த்தியது என்ற கணக்கும் இருக்கிறது. அதை அன்றாடம் சொல்லிவிட்டு, இரண்டிரண்டு பேராக வீடு சந்திக்கக் கிளம்பும் சேனையார், சாலையின் எந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள்?

ஆன்ம சோதனைக்கும் இதே கேள்விதான். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய நான் சிறுவயது முதல் பார்த்த கையேடுகள் பத்துக் கட்டளைகளையும் வரிசையாகக் கேட்கும். பூசை கண்டாயா, பொய் சொன்னாயா, கெட்ட எண்ணத்துக்கு இடம் கொடுத்தாயா. யாரைத் திண்ணையோடு நிறுத்தினாய் என்று கேட்கும் கையேடு ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. சாதி ஒரு பாவம் என்று மேடையில் சொல்லும் திருச்சபை, அதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் கொண்டுவரவில்லை. தவறினதைச் சொல்லி அழ இடமிருக்கும் மதத்தில், இந்த ஒரு தவறுக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை என்பதை நம்பச் சொல்கிறார்கள்.

2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், வேதியர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக அறிவித்தார். ஆயர் கையால் சடங்கோடு நியமிக்கப்படும் பணி. அதே ஆண்டு ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். தாத்தா இருந்திருந்தால் இரண்டு நாள் பேசியிருப்பார். காகிதத்தில் கதவு திறந்துவிட்டது. இனி அந்தப் பட்டியலை எழுதுவது உள்ளூர்ப் பேரவைதான். அந்தப் பட்டியலைக் கோயில் வாசலில் ஒட்ட வேண்டும். யார் வாசிக்கிறார், யார் நற்கருணை கொடுக்கிறார், யார் பெருக்குகிறார், யார் விளக்குத் தூக்குகிறார் என்று பெயரும் தெருவுமாக. அன்பியங்களைத் தெருவுக்குக் குறுக்கே வெட்டிப் பிரிக்க வேண்டும். சுரூபம் சாலையைக் கடக்க வேண்டும். இதற்கு உரோமையில் இருந்து எந்தக் கடிதமும் வர வேண்டியதில்லை.

எங்கள் பங்கில் இப்போது தூம்பா ஒன்றுதான். பழையவை இரண்டும் உளுத்துப்போனதால் ஆம்புலன்ஸ் மாதிரி வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். சுவர் அப்படியே நிற்கிறது, போன வருடம் சுண்ணாம்பு அடித்தார்கள். வரும் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு எங்கள் அன்பியத்தின் முறை. சித்தி மகள் இந்த முறை மன்றாட்டு வாசிக்கிறாள், பதினோராம் வகுப்பு. "அண்ணா, எழுதிக் குடுங்க" என்று கேட்டாள். ஐந்தாவதாக அதே வரியைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன். திருத்திக் கொடுத்தால் என்ன செய்வது என்று திரும்பக் கேட்டாள். மனப்பாடம் பண்ணிக்கொள் என்றேன்.