வினாவை ஏவலாக்காதீர்கள்

மாஹிமில் என் அறையில் அமர்ந்து ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மின்தொகுப்பில் தேடி எடுத்த சான்றுகளின் இணைப்புகள் அனைத்தும் இப்போது அத்தளத்தின் முகப்புக்கே செல்கின்றன. விசாரித்ததில் கிடைத்த விடை: "பாதுகாப்புக்காக எல்லா இணைப்புகளையும் போஸ்ட் முறைக்கு மாற்றிவிட்டோம்."

இது பாதுகாப்பு அன்று, அறியாமை.

உலாவி வழங்கிக்கு அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளும் ஒரு வினைச்சொல்லோடுதான் தொடங்குகிறது. கெட் என்பது வினா: 'இங்கே என்ன இருக்கிறது?' போஸ்ட் என்பது ஏவல்: 'இதைப் பெற்றுக்கொண்டு செயற்படு.' கெட் முறையில் தேடுசொல் முகவரியிலேயே நிற்கும். அதை நகலெடுக்கலாம், மேற்கோள் காட்டலாம், மாணவருக்கு அனுப்பலாம். போஸ்ட்டில் அது வேண்டுகோளின் உடலுக்குள் மறைந்துவிடும். எஞ்சுவது வெற்று முகவரி.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் கிடைக்கிறது. அங்கே தேடுசொல் முகவரியிலேயே அமைவதால், நான் கண்ட பதிவை என் நெறியாளரும் ஒரே சொடுக்கில் காண்கிறார். ஆய்வில் சரிபார்ப்பு என்பது இதுதான்.

'தமிழ் எழுத்துகள் முகவரியை நீட்டுகின்றன' என்பர். உண்மை, யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற சொல்லே முகவரியில் 45 குறிகளாக விரியும். அழகின்மை ஒரு குற்றமன்று. 'போஸ்ட் மறைத்து அனுப்புகிறது' என்பர். மறையாக்கம் செய்வது எச்டிடிபிஎஸ். அது இரண்டையும் ஒன்றுபோலவே காக்கிறது. கடவுச்சொல்லும் ஆதார் எண்ணும் முகவரியில் இடம்பெறலாகாது என்பதை ஒப்புகிறேன். உலாவியின் வரலாற்றிலும் வழங்கியின் பதிவேட்டிலும் அவை தங்கிவிடும். ஆனால் அகராதிச் சொல்லில் மறைக்க என்ன இருக்கிறது?

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. 2005இல் கூகுளின் வெப் ஆக்சிலரேட்டர் பக்கங்களில் உள்ள இணைப்புகளை முன்கூட்டியே திறந்து பார்த்தது. அழித்தல் செயலைச் சாதாரண இணைப்பாக வைத்திருந்த செயலிகளில் பயனர்களின் தரவுகள் அழிந்தன. மாற்றம் செய்பவை போஸ்ட்டாக இருக்கவேண்டும் என்பதே அதன் பாடம். நம்மவர்கள் அதில் பாதியைக் கற்று, படிப்பதற்கான இணைப்பையும் போஸ்ட்டாக்கிவிட்டனர். விளைவு: புதிய தாவலில் திறக்க இயலாது, பின்னோக்கிச் சென்றால் 'படிவத்தை மீண்டும் அனுப்பவா?' என்ற மிரட்டல்.

மின்தொகுப்பு உருவாக்கும் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: படிக்கும் பக்கம் ஒவ்வொன்றுக்கும் நிலையான முகவரி வேண்டும். முகவரியற்ற சான்றை எந்தத் தேர்வாளரும் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது.