பாட்டு வேண்டும், பாடினவன் வேண்டாமா?

2021 மார்ச்சில் "என்ஜாய் எஞ்சாமி" என்னும் ஹிப்ஹாப் பாட்டு வெளியாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டும் காணி நிலமற்றுப் போன தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையைக் கொண்டு தோழர் அறிவு அதை எழுதி, பாடகி தீயுடன் பாடினார். ஊரெல்லாம் ஆடிற்று, நம் திருச்சுழிக் கலியாணப் பந்தலும் ஆடிற்று.

ஆனால், அவ்வருஷம் ஆகஸ்டில் "ரோலிங் ஸ்டோன் இந்தியா" பத்திரிகை அட்டையில் தீயின் படம் இருந்தது. அறிவின் படம் இல்லை! இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் கண்டித்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. உழுதவனைக் களத்துக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் பாட்டிலுமா?

பத்திரிகைக்காரனை மட்டும் வைது பயனென்ன? நிலமற்றவன் பாட்டுக்கு ஆடுகிறவர்களே, அவனுக்கு உங்கள் தெருவில் வாடகைக்கு வீடு கொடுப்பீர்களா? கொடுப்பவர் ஆடட்டும், மற்றவர் வெட்கப்படட்டும்.