வேஷம் கலைந்த பிறகு நிற்பது எது?



'ராக்' இசை என்று சொன்னாலே நம்மில் பல பேருக்குச் சிரிப்பு வருது. தோள் வரைக்கும் முடி, உடம்பை ஒட்டின பேன்ட், காதைக் கிழிக்கிற கிடார். "இதுவும் ஒரு பாட்டா?" என்று கேட்கிறோம். நான் இந்த முறை அந்தப் பாட்டுக்காரங்க பக்கம் நின்னு பேசப் போறேன். ஏன்னா அவங்க கதையில் நம்ம ஆண்டு விழாவுக்கும் ஒரு சேதி இருக்கு.

முதலில் வேஷத்தைப் பற்றிச் சொல்றேன். 1980களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 'க்ளாம் மெட்டல்' என்ற இசை பெரிய அலையாக எழுந்தது. 'க்ளாம்' என்றால் பகட்டு. 'மெட்டல்' என்றால் இடி மாதிரி கிடாரும் டிரம்ஸும். மாட்லி க்ரூ, பாய்சன் போன்ற குழுக்களில் ஆண்களே கண்ணுக்கு மை தீட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி, முடியைச் சிலுப்பிக்கொண்டு மேடை ஏறினார்கள்.

இதைப் பார்த்து நாம சிரிக்கலாமா? நம்ம பக்கத்து திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்துக் கட்டுறவங்க என்ன செய்றாங்க? அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, சலங்கையோட விடிய விடிய ஆடுறாங்க. ஆண்தான் பாஞ்சாலியா வர்றார். அங்கே யாரும் கேலி பண்றதில்லை. பாஞ்சாலி அழுதா பாட்டிகளும் சேர்ந்து அழறாங்க!

வேஷம் என்பது கோயில் மணி மாதிரி. கூட்டத்தைக் கூப்பிடும். அதில் தப்பே இல்லை. ஆனா மணி அடிச்சா மட்டும் போதுமா? உள்ளே சாமி இருக்கணும் அல்லவா?

இதற்கு நம்ம நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கு. 1984-ல் பம்பாயில் 'ராக் மெஷின்' என்று ஒரு குழு தொடங்கியது. பம்பாயில் வேலை பார்த்த எங்க பெரிய மாமா வச்சிருந்த பழைய கேசட்டில்தான் நான் முதலில் இந்தப் பெயரைப் பார்த்தேன். பாடியவர் உதய் பெனகல். கிடார் மகேஷ் தினைகர். நீள முடி, அதிரடிக் கிடார் என்று அந்தக் காலத்து வெளிநாட்டுக் குழுக்களின் சாயல் அவங்ககிட்டயும் இருந்தது.

அப்போ நம்ம நாட்டில் ராக் குழு என்றால் வெளிநாட்டுப் பாட்டை அப்படியே வாசிக்கிறதுதான் வழக்கம். கூட்டமும் அதைத்தான் கேட்கும். ராக் மெஷினும் அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. ஆனா அதிலேயே நிற்கவில்லை. சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, 1988-ல் 'ராக் அண்ட் ரோல் ரெனகேட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டாங்க. 1990-ல் 'தி செகண்ட் கமிங்' என்ற அடுத்த ஆல்பம் வந்தது. யோசிச்சுப் பாருங்க! கைதட்டு நிச்சயமாகக் கிடைக்கிற பாட்டை விட்டுட்டு, யாருக்குமே தெரியாத பாட்டைப் பாட எவ்வளவு துணிச்சல் வேணும்?

1991-ல் அமெரிக்காவில் காற்று திசை மாறியது. நிர்வாணா என்ற குழு சாதாரணச் சட்டையும் கலைந்த தலையுமாக வந்து எல்லாரையும் இழுத்துக்கொண்டது. பகட்டை மட்டும் நம்பியிருந்த குழுக்கள் பல காணாமல் போயின. ராக் மெஷின் என்ன பண்ணினாங்க? 1993-ல் பெயரையே 'இண்டஸ் க்ரீட்' என்று மாற்றினாங்க. இண்டஸ் என்றால் நம்ம சிந்து நதி. இசையிலும் நம் நாட்டுச் சாயலைச் சேர்த்தாங்க. 'ப்ரெட்டி சைல்ட்' என்ற பாட்டின் வீடியோவுக்கு எம்டிவி விருதும் கிடைத்தது.

பிறகு என்ன, ஒரே வெற்றிதானா? இல்லை. அந்த நேரத்தில் டிவி முழுக்க இந்திப் பாப் பாட்டு வந்துவிட்டது. ஆங்கில ராக்குக்கு இடம் சுருங்கியது. 1997-ல் குழு கலைந்தது. 13 வருஷம் கழித்து 2010-ல் மறுபடி ஒன்றுசேர்ந்தாங்க. 2012-ல் 'இவால்வ்' என்ற புது ஆல்பம் போட்டாங்க. திரும்பி வந்தவங்க பழைய பாட்டை மட்டும் பாடிக் காலம் தள்ளவில்லை, புதுசா எழுதினாங்க என்பதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம்.

"அதெல்லாம் பம்பாய்ப் பணக்காரப் பசங்க வேலை, மலையடிவாரத்துல இருக்கிற நமக்கு என்ன?" என்று சிலர் கேட்பாங்க. சிக்கிமில் கேங்டாக் என்ற ஊர் இருக்கு. நம்ம ஜவ்வாது மலையை விட உயரமான மலை ஊர். அங்கே 2009-ல் கிரீஷ் பிரதான் என்பவர் 'கிரீஷ் அண்ட் தி க்ரானிக்கிள்ஸ்' என்ற குழுவை ஆரம்பித்தார். அதே 1980களின் அதிரடி ராக்தான், ஆனா பாட்டு அவங்க சொந்தப் பாட்டு. 2022-ல் அவங்க ஆல்பத்தை இத்தாலி நாட்டுக் கம்பெனி வெளியிட்டது. மலை தடுத்ததா?

இப்போ நம்ம கதைக்கு வருவோம். ஆண்டு விழா என்றால் நாம என்ன செய்றோம்? சினிமாப் பாட்டைப் போட்டு அதற்கு ஆடுறோம். கண்ணாடி, கலர் துணி, ஜிகினா எல்லாம் இருக்கு. பாட்டும் ஆட்டமும் மட்டும் யாரோ ஒருத்தருடையது! சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் ஆடுறவன்தான். பத்து நிகழ்ச்சியில் ஒன்றாவது நம்முடையதாக இருக்கட்டும் என்கிறேன்.

நம்மகிட்ட என்ன குறை? தமிழய்யா பாராட்டுகிற அளவுக்குக் கவிதை எழுதுறவங்க இருக்காங்க. பெஞ்சிலேயே டிரம்ஸ் வாசிக்கிறவங்க வகுப்புக்கு நாலு பேர்! மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற நண்பர்களுக்கு அவங்க ஊர்ப் பாட்டு தெரியும். கூத்துக் கட்டுற குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தாளம் தானாகவே வரும். இவங்க எல்லாரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் ஒரு பாட்டு பிறக்காதா?

முதல் தடவை சுருதி பிசகலாம். பின் வரிசையில் விசில் அடிச்சுக் கேலி பண்ணலாம். பண்ணட்டுமே! காசு கொடுத்து வாங்கின ஜிகினா மறுநாள் குப்பைக்குப் போயிடும். நாம கட்டின பாட்டு, நமக்கு அடுத்து வர்ற வகுப்புப் பிள்ளைகள் வாயில் இருக்கும்.

வேஷம் போடுவோம், வெட்கப்பட வேண்டாம். ஆனால் பாட்டு நம்ம பாட்டாக இருக்கட்டும். என்ன சொல்றீங்க நண்பர்களே? ஒத்துக்கிறவங்க பேரையும் வகுப்பையும் இந்தத் தாளின் கீழே எழுதுங்க. ஒத்துக்காதவங்க, அடுத்த இதழில் பதில் எழுதுங்க!

– பதினொன்றாம் வகுப்பு மாணவன்